அளமும் அளவையும்: மரக்காணத்து உப்பின் வரலாறு

நிலக்கரியையோ தாதுவையோ தோண்டி எடுத்து வளர்ந்த ஊர்களின் வரலாற்றில் ஒரு நாள் சுரங்கவாய் அடைக்கப்படுகிறது. மண்ணுக்கடியில் இருந்த இருப்பு தீர்ந்தோ, தோண்டும் செலவு விற்கும் விலையை மிஞ்சியோ அந்த நாள் வந்துசேர, அதன்பின் அவ்வூர் 'முன்னாள்' என்ற அடையைச் சுமந்துகொண்டு வாழத் தொடங்குகிறது. உப்பு விளையும் கடற்கரை ஊருக்கு இவ்வகை முடிவு கிடையாது. கடல் வற்றுவதில்லை, சித்திரை வெயிலுக்கு விலையும் இல்லை. ஆயினும் உப்பளம் இருந்து மறைந்த இடங்கள் சோழமண்டலக் கரையில் பல உண்டு. புதுச்சேரி நகருக்குள் ஒரு பகுதி இன்றும் உப்பளம் என்றே அழைக்கப்படுகிறது. அங்கே இப்போது தெருக்களும் வீடுகளும் விளையாட்டுத் திடலுமே இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் உள்ள மரக்காணத்திலோ மூவாயிரம் ஏக்கருக்குக் குறையாத பரப்பில் ஆண்டுதோறும் உப்பு விளைகிறது. ஒரே கடல், ஒரே வெயில், ஏறத்தாழ ஒரே மண் என்றிருக்க, ஓரிடத்தில் அளம் பெயராக மட்டும் எஞ்சியதற்கும் மற்றோரிடத்தில் தொழிலாகவே நிலைத்ததற்கும் உரிய காரணத்தை இயற்கையில் தேடிப் பயனில்லை. உப்பை விளைவித்த கையைவிட அதை அளந்த கையே இவ்வூர்களின் வாழ்வையும் தாழ்வையும் பெரிதும் தீர்மானித்து வந்திருக்கிறது.

அளம் என்பது உப்பு விளையும் நிலத்துக்குத் தமிழில் வழங்கிவரும் பழைய சொல். திருவாரூர் மாவட்டத்துப் பேரளம் அச்சொல்லைத் தாங்கி நிற்கிறது. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தைக் கோ என்றும் அளம் என்றும் பிரித்து, அரசனுக்குரிய உப்பளம் என்று பொருள் கொள்வோரும் உண்டு. அச்சொல்லுக்கும் 'அள' என்னும் வினைக்கும் வேர் உறவு உண்டா என்பது மொழியியலார் ஆராய வேண்டிய செய்தி. மரக்காணத்தைப் பொறுத்தவரை அவ்விரண்டும் வரலாற்றில் பிரிந்திருந்ததே இல்லை.

விழுப்புரம் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், வங்கக் கடலுக்கும் கழுவேலிக்கும் இடையே இவ்வூர் அமைந்திருக்கிறது. கழுவேலி என்பது வானூர், மரக்காணம் வட்டங்களில் ஏறத்தாழ எழுபது சதுர கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய ஏரி என்று இதைக் கூறுவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றுவட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இதில் வந்து தேங்குகிறது. வடகிழக்கு நோக்கிச் செல்லும் ஓடையின் வழியே இடையன்திட்டுக் கழிமுகத்தை அடைந்து கடலில் கலக்கிறது. மழை ஓய்ந்து நன்னீரின் வரத்து குறைந்ததும் கடல்நீர் அதே வழியில் உள்நோக்கி ஏறுகிறது. கழி எனப்படும் இந்த உப்பங்கழியின் ஓரத்துக் களிமண் தரையிலேயே மரக்காணத்தின் பாத்திகள் விரிந்துள்ளன. ஆகவே ஒரே நிலம் ஆண்டின் ஒரு பாதியில் மழைநீருக்கும் மறுபாதியில் கடல்நீருக்கும் உரியதாகிறது. உப்புத் தொழிலின் காலக்கணக்கு முழுவதும் இந்தக் கைமாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

உப்பு தானாக விளைவது போன்ற தோற்றத்தைத் தரினும் அதற்குரிய வேலை நுட்பமானது. தை மாதத்தில் தேங்கிய நீரை வெளியேற்றி, மழையில் கரைந்த வரப்புகளைக் கட்டி, பாத்தியின் அடித்தளத்தைக் காலால் மிதித்து இறுக்குவதில் வேலை தொடங்குகிறது. நெல் வயலில் சேறு குழம்ப வேண்டும். உப்புப் பாத்தியிலோ சேறு கல்போல் இறுக வேண்டும். இறுகாத தரை நீரைக் குடித்துவிடும், வாரும்போது உப்போடு மண்ணும் சேர்ந்து வரும். அதன்பின் கழிநீர் முதலில் பெரிய தேக்கத்துக்கும், அங்கிருந்து படிப்படியாக அடுத்தடுத்த பாத்திகளுக்கும் பாய்ச்சப்படுகிறது. கரைசலின் அடர்த்தியைக் காட்டும் போமே என்னும் அளவுமுறையில் கடல்நீர் மூன்று டிகிரி அளவில் இருக்கும். வெயிலிலும் காற்றிலும் ஆவியாகி அது இருபத்தைந்து டிகிரியை எட்டும்போது, தொடக்கத்தில் இருந்த நீரில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சியிருக்கும். இந்த இடைவெளியில் சுண்ணாம்புச் சத்தும் அதன்பின் ஜிப்சமும் முந்திக்கொண்டு படிந்துவிடுகின்றன. இருபத்தைந்தில் உப்பு பூக்கத் தொடங்குகிறது. முப்பதை நெருங்கும்போது எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். தவறினால் அதிலுள்ள மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்புக்குக் கசப்பும் எளிதில் நீர்த்துவிடும் தன்மையும் வந்துவிடும். எனவே உப்பு விளைவித்தல் என்பது கடலிலிருந்து உப்பைப் பிரிப்பதோடு, கடலில் உள்ள மற்றவற்றை ஒவ்வொன்றாக வழியிலேயே இறக்கிவிடும் வேலையுமாகும். கண்ணாடிக் குழல் கருவி இல்லாத காலத்தில் இதே வரம்புகளை நீரின் நிறத்தைக் கண்டும், விரல்களிடையே தேய்த்தும், பாத்தியின் மேல் படரும் மெல்லிய ஏட்டைப் பார்த்தும் அறிந்து தொழில் செய்திருக்கிறார்கள்.

இக்கரையின் தொன்மைக்கு இலக்கியச் சான்று தேடுவோர் சிறுபாணாற்றுப்படையைக் காட்டுவர். ஓய்மானாட்டுத் தலைவன் நல்லியக்கோடனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் அந்நூலின் ஆசிரியர் நத்தத்தனார், இடைக்கழிநாட்டு நல்லூரினர். இடைக்கழிநாடு என்னும் பெயர் மரக்காணத்துக்கு அடுத்து வடக்கே இன்றும் பேரூராட்சியின் பெயராக வழங்குகிறது. நூல் கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும், கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூலின் சோபட்மாவை அதே எயிற்பட்டினத்தோடும் ஆய்வாளர் பலர் பொருத்துவர். எயில், சோ இரண்டும் மதிலைக் குறிக்கும் சொற்கள் என்பது இப்பொருத்தத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எயிற்பட்டினத்தில் பாணனுக்குக் கிடைப்பவையாக அந்நூல் சொல்பவை நுளையர் வீட்டுத் தேறலும் சுட்ட மீனுமே. உப்பு வணிகராகிய உமணரை அது கொண்டுவந்து நிறுத்துவது கொற்கைப் பகுதியில். தன் ஊருக்கு அருகிலேயே உப்பு விளைந்திருந்தால் அதை ஆசிரியர் ஏன் பாடாமல் விட்டார் என்று கேட்கலாம். அன்றாடம் கண்ணில் படுவது பாட்டுக்குள் வராமல் போவதும் இயல்பே. எவ்வாறாயினும் உமணர் வண்டிகளில் உப்பேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று நெல்லுக்குச் சரியளவாக மாற்றியதைச் சங்கப் பாடல்கள் பல இடங்களில் காட்டுகின்றன. ஒரு படி உப்புக்கு ஒரு படி நெல் என்னும் அந்த விகிதம், பிற்காலத்து உப்பு வரலாற்றோடு ஒப்பிடும்போது விளைவித்தவருக்கும் விற்றவருக்கும் கிடைத்த உயர்ந்த மதிப்பாகவே தோன்றுகிறது.

சோழர் காலத்தில் உப்பளங்கள் அரசும் கோயிலும் கணக்கில் கொண்ட சொத்தாகிவிட்டன. மரக்காணத்தின் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன; ஊரின் பழமைக்குக் கையில் கிடைக்கும் உறுதியான சான்று அவையே. பெரிய உப்பளத்துக்குப் பேரளம் என்றும், உப்பின் மேல் விதித்த வரிக்கு உப்பாயம் என்றும் பெயர் வழங்கியதைத் தமிழ்க் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அளத்தின் வருவாயில் ஒரு பங்கைக் கோயிலுக்கு எழுதிவைப்பது அக்காலத்து வழக்கம். நிலக்கொடை போலவே உப்புக்கொடையும் கல்லில் வெட்டப்பட்டது. கொடுத்தவர் பெயரும் பெற்ற தெய்வத்தின் பெயரும் கல்லில் உண்டு. பாத்தியை மிதித்தவர் பெயருக்கு அங்கே இடம் ஏற்பட்டதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கரை இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு இடையே கிழிபட்டது. மரக்காணத்துக்கு வடக்கே, கழிமுகத்தின் மறுகரையில் நிற்கும் ஆலம்பரைக் கோட்டையை 1750இல் முசாபர் ஜங் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அளித்தார். துறைமுகமும் நாணயசாலையும் கொண்டு விளங்கிய அவ்விடத்திலிருந்து ஏற்றுமதியான பொருள்களில் உப்பும் ஒன்று. 1760இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி இடித்தனர். இடிந்த செங்கற்சுவர்கள் இன்று திரைப்படப் பிடிப்புக்கும் விடுமுறைப் பயணத்துக்கும் பயன்படுகின்றன. 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தபோது தென்னார்க்காடு மாவட்டம் உருவாகி, மரக்காணமும் அதில் அடங்கியது.

அதிலிருந்து நான்கே ஆண்டுகளில், 1805இல், சென்னை மாகாணத்தில் உப்பு முழுவதும் கம்பெனியின் தனியுரிமையாக்கப்பட்டது. தனியுரிமை என்பது இங்கே வெறும் வரி அன்று. அளத்தில் விளையும் உப்பு அனைத்தையும் கம்பெனிக்கே ஒப்படைக்க வேண்டும். அதற்குக் குடிவாரம் என்ற பெயரில் விளைவித்தவருக்கு ஒரு தொகை கிடைக்கும். கம்பெனி தான் குறித்த விலையில் வணிகருக்கு விற்கும். குடிவாரம் என்னும் சொல் நெல் வேளாண்மையில் பயிரிட்டவரின் பங்கைக் குறிப்பது. அதே சொல்லை உப்புக்கும் இழுத்துக்கொண்ட நிர்வாகம் பங்கைக் கூலியாகச் சுருக்கிவிட்டது. அளவைக்குரிய அலகு கரிசை. தமிழ்ச் சொல்லாகிய இதை ஆங்கிலேயர் கார்ஸ் என்று திரித்து எழுதினர். ஒரு கரிசை உப்பு 120 மணங்கு, அதாவது இன்றைய கணக்கில் 4,480 கிலோவை ஒட்டியது. தொடக்கத்தில் கரிசைக்கு 70 ரூபாய் என்றிருந்த விற்பனை விலை 1809இல் 105 ரூபாயாக உயர்ந்தது. குடிவாரம் இதில் ஒரு சிறு பகுதியே. வாரிய உப்பைக் குவித்துவைக்கும் மேடான இடத்துக்குக் கொட்டாரம் என்று பெயர். அச்சொல் ஆங்கிலப் பதிவேடுகளில் நுழைந்து, சென்னையின் மையப் பகுதியில் உள்ள சரக்கு ரயில் நிலையமான சால்ட் கோட்டர்ஸின் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே சுமை ஏற்றி இறக்குவோரில் பலர் அதை ஏதோ அலுவலர் குடியிருப்பின் பெயர் என்று எண்ணக்கூடும்.

புதுச்சேரியின் உப்பளம் பெயராகிப்போன கதை இந்தக் கட்டத்துக்குரியது. நெப்போலியப் போர்கள் முடிந்து பிரெஞ்சு உடைமைகள் திருப்பிக் கொடுக்கப்பட்டபோது ஆங்கிலேயருக்கு ஓர் அச்சம் எழுந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மலிவாக விளையும் உப்பு எல்லை தாண்டிவிட்டால், தனியுரிமை விலையில் மரக்காணத்து உப்பை வாங்க ஆள் இருக்காது. பிரெஞ்சு ஆட்சிப்பகுதியின் எல்லை ஊர் ஊராகத் துண்டுபட்டுக் கிடந்ததால் கடத்தலைத் தடுப்பதும் அரிது. எனவே 1815 மார்ச் 7ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவைக்குப் போக மீதியை ஆங்கிலேயரே வாங்கிக்கொள்வது என்றும், அதற்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய் தருவது என்றும் முடிவாயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து 1818இல் ஏற்பட்ட மற்றோர் உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்றது: பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது; அள உரிமையாளருக்கு ஆண்டுக்கு நாலாயிரம் வராகன் இழப்பீடாக ஒதுக்கப்பட்டது; அங்குள்ள மக்களுக்கு வேண்டிய உப்பை ஆங்கிலேயரே தருவதென்றும் ஏற்பாடு. கடலோரத்தில் வாழும் ஒரு மக்கள்தொகை, காலடியில் பூக்கும் உப்பை விட்டுவிட்டு எல்லைக்கு அப்பாலிருந்து வரும் உப்பை உண்ண வேண்டும் என்று இரண்டு ஐரோப்பிய அரசுகள் தாளில் எழுதிக் கையொப்பமிட்டன. இழப்பீடு உரிமையாளருக்குச் சேர்ந்தது. அளத்தில் வேலை செய்தோரைப் பற்றிய பேச்சு அந்த ஏற்பாட்டில் இல்லை. எல்லைக்கு வடபுறம் இருந்த ஒரே காரணத்தால் மரக்காணத்தின் பாத்திகள் தப்பின என்று சொல்வது மிகையாகாது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே செஷயர் மாவட்டத்தின் நார்த்விச், வின்ஸ்போர்டு முதலிய ஊர்களில் உப்பு கடலிலிருந்து எடுக்கப்படவில்லை. 1670இல் நார்த்விச்சுக்கு அருகே பாறை உப்பு கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, சுரங்கம் தோண்டியும், நிலத்தடியில் நீரைச் செலுத்திக் கரைத்த உவர்நீரை மேலே இறைத்து இரும்புத் தட்டுகளில் காய்ச்சியும் உப்பு எடுத்தனர். அந்நாட்டு மக்கள் செலுத்திவந்த உப்பு வரி 1825இல் நீக்கப்பட்டது. இந்தியாவில் அது நீங்க 1947 ஏப்ரல் 1 வரை, நூற்றிருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வரியற்ற செஷயர் உப்பு லிவர்பூல் துறைமுகத்திலிருந்து கப்பலேறிக் கல்கத்தாவை நிரப்ப, 1863இல் வங்கத்தில் அரசு தன் உப்பு உற்பத்தியையே கைவிட்டது. விறகு வைத்துக் காய்ச்சிய வங்க உப்பால் அந்தப் போட்டியைத் தாங்க முடியவில்லை. சோழமண்டலக் கரையிலோ காய்ச்சும் வேலை வெயிலுடையது. விறகுச் செலவு கிடையாது. ஆகவே ஆங்கில உப்பு இங்கே வேரூன்றவில்லை. மரக்காணம் இரண்டாம் முறை பிழைத்தது இவ்வாறு.

நார்த்விச் நகரம் தன் உப்பாலேயே உருக்குலைந்தது. அடியில் உப்புப் படலம் கரைந்துபோக மேலேயிருந்த தெருக்கள் அமிழ்ந்தன, கட்டடங்கள் சாய்ந்தன, குழிகளில் நீர் தேங்கிப் புதிய ஏரிகள் தோன்றின. நிலம் அமிழ்ந்தோருக்கு இழப்பீடு வழங்க 1891இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. வீடு சாய்ந்தால் முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்தும் வகையில் மரச்சட்டங்களால் கட்டிக்கொண்டது அவ்வூர். நார்த்விச்சுக்கு அருகே மார்ஸ்டனில் திறந்த தட்டில் உப்புக் காய்ச்சிய லயன் உப்பாலை 1986இல் மூடப்பட்டு, 2015இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. வரலாற்றின் விளையாட்டு வேறொரு பக்கத்திலும் உண்டு: குஜராத்தின் மிட்டாப்பூரிலிருந்து 1983 முதல் பொட்டல உப்பை விற்றுவரும் டாடா கெமிக்கல்ஸ் நிறுவனம், நார்த்விச்சின் பழைய சோடா உப்புத் தொழிற்சாலைகளையும், பின்னர் செஷயரின் பிரிட்டிஷ் சால்ட் நிறுவனத்தையும் இந்த நூற்றாண்டில் விலைக்கு வாங்கிவிட்டது. மரக்காணத்துச் சிற்றளக்காரருக்குக் கடைத்தெருவில் போட்டியாக நிற்பதும் அதே பொட்டல உப்புதான்.

தனியுரிமைக் கால உப்பு சென்னைக்குச் சென்ற வழியே தனி வரலாறு. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை பாசில் காக்ரன் வெட்டிய கால்வாய், பின்னர் அரசின் கைக்கு மாறி, வடக்கே ஆந்திரக் கரையின் பெத்தகஞ்சம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீட்டப்பட்டது. 1877, 1878 ஆண்டுகளின் தாதுப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தோரைக் கூலிக்கு அமர்த்தி வேலை நடந்த காலத்து ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. நானூற்றிருபது கிலோமீட்டரை ஒட்டிய அக்கால்வாயின் தென்முனை மரக்காணம். தொடர்வண்டிப் பாதை 1870களில் திண்டிவனம் வழியே உள்நாட்டில் போடப்பட்டதால் இவ்வூருக்கு ரயில் வரவில்லை, இன்றும் வரவில்லை. ஆகவே விறகு, சவுக்குக் கட்டை, நெல் ஆகியவற்றோடு உப்பையும் ஏற்றிய படகுகள், காற்று இருந்தால் பாய் விரித்தும் இல்லாவிட்டால் கரையிலிருந்து ஆள் கயிறு கட்டி இழுத்தும் சென்னை நோக்கிச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாரிகள் பெருகின. 1960களின் புயல்களில் கரைகள் சிதைந்தன. படகுப் போக்குவரத்து மெல்ல மறைந்தது. சென்னைக்குள் அக்கால்வாய் கழிவுநீர்ச் சாக்கடையாகி, அதன்மேல் பறக்கும் ரயிலின் தூண்களும் நிற்கின்றன. மரக்காணத்தில் அது இன்றும் உவர்நீர் ஓடும் நீர்வழி.

1876இல் சென்னை உப்பு ஆணையம் அமைந்தபின் தனியுரிமைக்குப் பக்கத்தில் கலால் முறை புகுந்தது. அளக்காரர் தாமே விளைவித்துத் தாமே விற்கலாம், ஆனால் உப்பு வேலிக்கு வெளியே செல்லுமுன் வரி கட்டிவிட வேண்டும் என்பது அதன் சுருக்கம். 1889ஆம் ஆண்டுச் சென்னை உப்புச் சட்டம் வேலி, காவல், உரிமச் சீட்டு, தண்டனை அனைத்தையும் ஒழுங்குபடுத்தியது. உரிமமின்றிக் கழியோரத்தில் தானாகப் பூத்த உப்பைச் சுரண்டி எடுப்பதும் குற்றமாயிற்று. மழைக்குப் பின் கழியில் வெள்ளை பூக்கும் ஒவ்வொரு பருவத்திலும் கடலோர மக்கள் இச்சட்டத்தின்முன் நின்றாக வேண்டிய நிலை. 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து நடத்திச் சென்ற பயணம் வேதாரண்யத்தை நோக்கியது. தமிழகத்தின் உப்புப் போராட்டம் என்றாலே அவ்வூரின் பெயர் நினைவுக்கு வர, அதே சட்டத்தின்கீழ் வாழ்ந்த மரக்காணம் பாடநூல்களுக்கு வெளியே நின்றுவிட்டது. 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம், உப்பு கிடைக்கும் பகுதிகளின் மக்கள் தம் வீட்டுத் தேவைக்கும் ஊருக்குள் விற்பதற்கும் உப்பெடுக்கலாம் என்று இசைந்தபோதுதான் இக்கரையில் சுரண்டிய கைக்குச் சிறிது விடுதலை கிடைத்தது.

விடுதலைக்குப்பின் வரி போயிற்று, நிலம் மாறவில்லை. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் உப்பு ஒன்றிய அரசின் பட்டியலில் வைக்கப்பட்டது. மரக்காணத்து அளங்களின் பெரும்பகுதி ஒன்றிய அரசின் உப்புத் துறைக்கு உரிய நிலம்; அத்துறையின் ஆணையர் அலுவலகம் கடலே இல்லாத ராஜஸ்தானத்தின் ஜெய்ப்பூரில் உள்ளது. சாம்பார் ஏரியின் உப்பை எண்ணிப் பார்த்தால் இதற்கு நியாயம் இல்லாமலும் இல்லை, ஆனால் கழியோரத்து ஊரிலிருந்து பார்ப்பவருக்கு அந்தத் தொலைவு தொலைவுதான். குத்தகை எடுத்தவர் ஏக்கர்க் கணக்கில் தரைவாடகையும், விளைந்த உப்பின் எடைக்கேற்ற கட்டணமும் செலுத்துகின்றனர். பாத்தியில் இறங்கி வேலை செய்வோர் பெரும்பாலும் குத்தகைதாரரிடம் கூலிக்கு வருவோர். நிலத்தின்மீதோ உப்பின்மீதோ அவர்களுக்கு உரிமை இல்லை. 1948இல் பத்து ஏக்கர் வரையுள்ள அளங்களுக்கு உரிமம் வேண்டியதில்லை என்று அறிவிக்கப்பட்டது சிறு உற்பத்தியாளரைப் பெருக்கியது. கூலிக்காரரை உற்பத்தியாளர் ஆக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

பிற்காலத்து மாற்றங்களில் மிகுந்த விளைவை உண்டாக்கியது அயோடின். கழுத்துக் கழலை முதலிய குறைபாட்டு நோய்களைத் தடுக்க, உண்ணும் உப்பில் அயோடின் சேர்ப்பது நாடு முழுவதும் 2006 மே மாதம் முதல் கட்டாயமாயிற்று. நோய்த் தடுப்பு என்ற வகையில் இதன் தேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் அயோடின் கலக்கவும் பொட்டலமிடவும் ஆலை வேண்டும். ஆலைக்கு முதல் வேண்டும். அதுவரை தெருவில் கூவி விற்ற கல்லுப்பு நேராகச் சமையலறைக்குச் சென்றது. அதன்பின் அளத்துக்கும் அடுப்புக்கும் இடையே ஆலைக்காரரும் மொத்த வணிகரும் வந்து நின்றனர். இந்தியாவின் உப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குஜராத்திலேயே விளைகிறது; மழை குறைந்த அந்நிலத்தில் பரந்த அளங்களில் எந்திரங்கொண்டு வாரும் உப்போடு, வடகிழக்குப் பருவமழை ஆண்டுக்கு மூன்று நான்கு மாதங்களைப் பறித்துக்கொள்ளும் மரக்காணம் விலையில் மோத இயலாது. தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்ததாகத் தமிழகத்தில் எண்ணப்படும் இவ்வூரின் உப்பு, கருவாடு போடவும் தோல் பதனிடவும் தொழிற்சாலைகளுக்கும் செல்கிறது. ஒரு பங்கு அயோடின் ஆலைகளின் வழியே உணவுக்கும் போகிறது.

வேலைநாள் விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. வெள்ளைப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்வதற்கு முன் வாரி முடிக்க வேண்டும். நீண்ட கோலில் பலகை பொருத்திய வாரியால் பெரும்பாலும் ஆண்கள் உப்பை இழுத்து வரப்போரம் கூட்ட, பெண்கள் அதைச் சட்டியிலோ கூடையிலோ அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் அம்பாரமாகக் குவிக்கின்றனர். உவர்நீரில் நாள்முழுதும் ஊறும் கால்களில் வெடிப்பும் புண்ணும் ஆறுவதில்லை. குடிநீர், நிழற்கொட்டகை, கழிப்பறை ஆகிய மூன்றும் உப்பளத் தொழிலாளர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் தேவைகள். வேலையில்லாத மழை மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் என்னும் தமிழக அரசின் திட்டம் 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. மீன்பிடித் தடைக்கால உதவி மீனவருக்குக் கிடைக்கத் தொடங்கி நெடுநாள் கழிந்தபின் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரே கடலை நம்பிய இரண்டு தொழில்களில், கடலுக்குள் செல்வோருக்குக் கிடைத்த கவனம் கடல்நீரைக் கரைக்கு ஏற்றியோருக்குத் தாமதமாகவே கிட்டியிருக்கிறது.

1998இல் கிழக்குக் கடற்கரைச் சாலை திறந்தபின் மரக்காணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட நிறுத்தமாயிற்று. வாரக் கடைசியில் புதுச்சேரிக்கு விரையும் வண்டிகள் சாலையோரத்தில் நின்று உப்புக் குவியல்களைப் படம் பிடித்துச் செல்கின்றன. கழியின் பக்கமோ வேறொரு கணக்கு தொடங்கியிருக்கிறது. 2021 டிசம்பரில் கழுவேலியின் 5,151 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குரிய ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. பூநாரையும் கூழைக்கடாவும் மணல்புள்ளும் வந்திறங்கும் நீர்ப்பரப்பையே உப்புத் தொழிலும் நம்பியிருக்கிறது. ஆழமற்ற உவர்நீர்ப் பாத்திகள் கரைப்பறவைகளுக்கு இரை தேடும் இடமாகவும் பயன்படுகின்றன. உப்பளமும் சரணாலயமும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கழிமுகம் தூர்ந்து கடல்நீரின் வரவு அடைபட்டால் இரண்டும் ஒருங்கே கெடும்.

புயலோ இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. 2020 நவம்பரில் நிவர் மரக்காணத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகில் கரை தொட்ட பெஞ்சல், நகர்வின்றி நின்று ஒரே நாளில் மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கும் புதுச்சேரியில் அதற்குச் சற்றே குறைவாகவும் மழையைக் கொட்டியது. அந்நீர் ஏரிகளை நிரப்பிக் கழுவேலிக்கு வந்து, கழுவேலியிலிருந்து அளங்களின்மேல் ஏறியது. கார்த்திகையில் பாத்திகள் மூழ்குவது ஆண்டுதோறும் நடப்பதே. ஆனால் இவ்வகை மழையில் வரப்புகள் இருந்த இடமே தெரியாமல் கரைவதும், மூடிவைத்த அம்பாரங்கள் அடியில் நீர் புகுந்து உருகுவதும், நீர் வடிய மேலும் பல வாரங்கள் ஆவதும் சேர்ந்து அடுத்த பருவத்தின் தொடக்கத்தைத் தள்ளிப்போடுகின்றன. கோடையில் ஒரு மணி நேரம் பெய்யும் மழை, இருபத்தைந்து டிகிரியை எட்டிய பாத்தியைப் பத்துக்கும் பதினைந்துக்கும் இறக்கிவிடப் போதுமானது.

நீர் வடிந்ததும் தையில் முதலில் வருவோர் பாத்தி மிதிப்போர். முதல் உப்பு பூப்பதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும் அந்நாள்களில் டிகிரி பார்க்கவோ எடை போடவோ அங்கே எதுவும் இல்லை. வரிசையாகத் தோள் சேர்த்து நின்று, வெறுங்காலால் களிமண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டே பாத்தியின் ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புக்கு நகர்ந்து செல்கிறார்கள்.